பிளானர் (மரம் இழைக்கிற மிஷின்) பிளேடு மாத்தும்போது நீங்க பாத்தது என்ன?

பேட்டைக்காரன்:
மாசாந்திர மின்தடை அன்னைக்குத்தான் நம்ம பக்கத்துப் பட்டறைகள்ல பாதிப்பேரு பிளேடு மாத்துதாவ. எப்படியும் வேலை ஓடாது, இதையாவது பாப்போம்னு. மேலப்பாளையம் பக்கம் நிலை, கதவு செய்யுத பட்டறை ஒண்ணுல நான் பாத்ததச் சொல்லுதேன்.

பையன் சர்ஃபேஸ் பிளானர் மூடியக் கழட்டி, கட்டர் (பிளேடுகளப் பிடிச்சுச் சுத்துத உருளை) போல்ட்டுல ஸ்பேனரைப் போட்டுட்டான். டீ குடிச்சிட்டு வந்த ஆசாரி நேரா சுவரோரம் போயி சுவிட்சப் பாத்தாரு. ஆன்ல கெடக்கு! மிஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்கு, யாரும் அமத்தல. "ஏல, கைய எடு"ன்னுட்டு, சுவிட்ச அமத்தி, ஃபியூஸ் கேரியரப் பிடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. 2 மணிக்கு வரவேண்டிய கரண்ட் அன்னைக்கு முக்காமணி நேரம் முந்தியே வந்துட்டு. பக்கத்துக் கடை ரேடியோ பாடவும் பையன் ஸ்பேனரக் கீழ வச்சிட்டான்.

பச்சை, சிவப்பு பட்டன் உள்ள டிஓஎல் ஸ்டார்ட்டர்னா கரண்ட் போனதும் காயில் விட்டுரும், திரும்பப் பச்சைய அமுக்குனாத்தான் ஓடும். சாதா சுவிட்சுக்கு அந்தச் சங்கதியே கெடையாது. பட்டறையில பாதி மிஷின் சாதா சுவிட்சுலதான் ஓடுது, என்ன சொல்ல.

செங்கோட்டை மரக்கடை:
சரியாச் சொன்னிய அண்ணாச்சி. எங்க மிஷின்ல புது பிளேடுக்கு மட்டம் பிடிக்கிறதுதான் பெரும்பாடு. நேரான மரக்குச்சி ஒண்ண பின்பக்க மேசையில, அதான் இழைச்ச பலகை வெளிய வருத பக்கம், வச்சு, கட்டர் மேல நீட்டி விடுவோம். கட்டரக் கையால மெதுவாச் சுத்துனா பிளேடு குச்சியக் கொஞ்சம் இழுத்துட்டுப் போவும். 3 மில்லிமீட்டர் இழுத்துதுன்னா எல்லா பிளேடுலயும் ரெண்டு ஓரத்துலயும் அதே 3 இழுக்கணும். பிளேடு அந்த மேசைக்கு மேல ரொம்ப உசந்து நின்னா பலகைக் கடைசியில குழி விழும். தணிஞ்சிருந்தா பலகை மேசை விளிம்புல முட்டி நிக்கும். போல்ட்டுகள நடுவுல இருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் முறுக்கணும். ஒண்ண ஒரேயடியா இறுக்குனா பிளேடு ஏறிக்கிடும். சாணைக்குக் குடுத்தா எல்லாத்தையும் சேத்தே குடுங்க. எடை ஒண்ணுக்கொண்ணு மாறுனா மிஷின் அதிரும்.

பாளை:
கைப் பிளானர் வச்சிருக்கவிய கவனிங்க. டிரிகர் லாக் விழுந்து கெடக்கும்போது பிளக்கச் சொருகுனா எடுத்த எடுப்புல ஓடும். சின்ன மிஷின்தான், 82 மில்லிமீட்டர் பிளேடு, ஆனா நிமிசத்துக்கு 16,000 சுத்து வரைக்கும் உண்டு. அமத்துன பெறவும் டிரம் கொஞ்ச நேரம் சுத்தும், அது நிக்காம கவுத்து வைக்காதிய. அலன் கீயக் கையில எடுக்கும்போது பிளக் கண்ணுக்கு முன்னால, பலகை மேல கெடக்கணும்.

பேட்டைக்காரன்:
செங்கோட்டை அண்ணாச்சி, குச்சி என்ன மரம்?

செங்கோட்டை மரக்கடை:
எந்த மரம்னாலும் நேரா இருந்தாப் போதும்வே. ஸ்டீல் ஸ்கேல மட்டும் வச்சிராதிய, பிளேடு முனை போயிரும்.