வளவில் விழும் மழையைக் கிணற்றுக்குத் திருப்பிய கதை: உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்

பள்ளத்தூரிலிருந்து:

ஐயா காலத்து வீடு எங்களுடையது. முகப்பு இந்தத் தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சுற்றிலும் உள்ள ஓட்டுக் கூரை வளவுக்குள்தான், அதாவது வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றத்துக்குள்தான் சரியும். மழை பிடித்தால், இரண்டு பக்கக் கூரையும் சேரும் நாலு மூலைக் கூடல்வாயிலும் தண்ணீர் கொட்டும். அப்பத்தா அண்டாவையும் கிடாரத்தையும் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள், மேலே வெள்ளைத் துணி கட்டி. பருப்பு வேக அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்பார்கள். மிச்சமெல்லாம் வளவுக் கல்லுக்கு அடியில் ஓடி, தெரு வாய்க்கால் வழியாக ஊர்க் குளமான ஊரணிக்குப் போய்ச் சேரும்.

சிமெண்டு ரோடு உயர உயர அந்த வாய்க்கால் மூடிப்போனது. மழை பெய்தால் வளவிலும் வாசலிலும் தண்ணீர் தேங்கும். அதே வருசம் பங்குனியில் கிணறு வற்றி, லாரித் தண்ணீர் வாங்குவோம். கார்த்திகையில் வெளியே தள்ளுவதும் பங்குனியில் காசுக்கு வாங்குவதும் ஒரே வீட்டில்!

வீட்டைப் பழுதுபார்க்க வந்த வயசான கொத்தனார்தான் வழி சொன்னார். "ஆச்சி, இந்த வீட்டுக்குத் தண்ணியக் கூட்டிவர வேண்டியதில்ல, வந்த தண்ணியப் பிடிச்சு வச்சா போதும்" என்றார். கணக்கும் போட்டுக் காட்டினார். 1000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். எங்கள் கூரை அதைப்போலப் பல மடங்கு. ஐப்பசி அடைமழையை நினைத்துப் பாருங்கள்.

செய்த வேலை பெரிதல்ல. மூலைக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்து, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு வடிகட்டித் தொட்டி. அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, வலை விரித்து மேலே மணல். தொட்டியின் அடியிலிருந்து கிணற்றுக்கு ஒரு பிவிசி குழாய். தொட்டிக்கு முன்னால் ஒரு வால்வு. முதல் மழை, ஓட்டுத் தூசியும் புறா எச்சமுமாகத்தான் வரும். வால்வைத் திருப்பி அதைத் தோட்டத்துக்கு விட்டுவிடுகிறோம். கூரை கழுவின பிறகுதான் கிணறு.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அப்போது குழாய் மாட்டிக் குழி எடுத்தவர்கள் நிறையப் பேர். அந்தக் குழி இன்னும் தண்ணீரை உள்ளே விடுகிறதா என்று திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? மணல் மேலே களி படிந்துவிட்டால் தண்ணீர் இறங்கவே இறங்காது. தயவுசெய்து பாருங்கள்.

இப்போது கோடையிலும் எங்கள் கிணற்றில் வாளி தண்ணீரில்தான் விழுகிறது. உப்புக் கரிப்பும் குறைந்திருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி எழுதியதைப் படித்ததும் எங்கள் தோட்டத்தைச் சொல்லத் தோன்றியது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் ஊற்றினால் மேலே ஓடும், கொஞ்ச நேரத்தில் காய்ந்து கட்டியாகிவிடும். ஹோஸ் பைப்பில் பீய்ச்சுவதை முழுசாக நிறுத்திவிட்டேன். புது மண்பானை வாங்கி, கழுத்து மட்டும் வெளியே தெரிய மண்ணில் புதைத்து, சுற்றிலும் கத்தரியும் வெண்டையும் வைத்தேன். பானையை நிரப்பி மூடிவிட்டால், சுட்ட மண் கசிந்து வேருக்குத் தேவையானதை மட்டும் கொடுக்கும். வர்ணம் பூசிய பானை கசியாது, அதை வாங்காதீர்கள்.

மூடாக்கு போடுவதும் அதே அளவு முக்கியம். தென்னை மட்டை, நார், காய்ந்த வேப்பிலை, எது கிடைக்கிறதோ அதை மரத்தடியில் பரப்பிவிடுங்கள். சித்திரை வெயிலில் மட்டையை நகர்த்தி விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கும். மரத்தடிச் சருகைக் கூட்டித் தீ வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

துணி துவைத்த தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகிறது. கீரைக்கு அதை விடுவதில்லை. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. குடிதண்ணீர் சுத்தம் செய்யும் ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் கொடுத்தால் இரண்டு மூன்று லிட்டர் வெளியே தள்ளுகிறது. அதில் உப்பு கூடுதல், செடிக்கு வேண்டாம். பாத்திரம் ஊற வைக்கவும் கழிப்பறைக்கும் பிடித்து வைக்கிறோம்.

காரைக்குடியிலிருந்து:

என் அனுபவம் சின்னது. அண்ணன் குடும்பம் சென்னையில். பூட்டிக் கிடக்கும் அவர்கள் வீட்டுக்கு விளக்கேற்றப் போவேன். பின்கட்டுக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் வாளி வைத்துப் பார்த்தேன். மறுநாள் வாளி நிறைந்து வழிந்திருந்தது. வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு 20 லிட்டர் ஆகிவிடும். வாசர் மாற்ற ஆன செலவு ஒரு காபிக் காசு. நம் பக்கம் பூட்டிய வீடுகள் எவ்வளவு! திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து போகிறவர்கள், கிளம்பும்போது மேல்தொட்டி வால்வை அடைத்துவிட்டுப் போனாலே போதும்.

ஒரு சந்தேகம் ஆச்சி. கிணற்று மழைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா? ஊரில் முன்னே தேத்தாங்கொட்டை உரசுவார்களே, அது போதாதா?

பள்ளத்தூரிலிருந்து:

தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசினால் கலங்கல் அடியில் இறங்கிவிடும், தம்பி. ஊரணித் தண்ணீரை நம் வீடுகளில் அப்படித்தான் தெளிய வைத்தார்கள். ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் கிருமி இல்லாத தண்ணீர் ஆகிவிடாது. நாங்கள் தெளிய வைத்து, கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். கிணற்றுக்குக் கம்பி வலை மூடி போட்டிருக்கிறோம். செப்டிக் டேங்க் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் முதலில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

தேவகோட்டைத் தம்பி சொன்ன பானையை இந்த முறை நானும் புதைக்கப் போகிறேன். மல்லிகைக்குச் சரிப்படுமா? வேர் பானையைச் சுற்றிக்கொள்ளும் என்கிறார்கள். அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

வேலை செய்யப்போகிறவர்கள் ஆவணிக்கு முன்னாலேயே ஆரம்பியுங்கள். இடிமழை தொடங்கிவிட்டால் கொத்தனார் கிடைக்கமாட்டார். கூடல்வாய்த் தகரத்தில் சருகும் ஆலஞ்செடியும் இருக்கும். முதலில் அதை எடுங்கள், பிறகு குழாய் வாங்கலாம்.