பத்தாயிரம் ஆட்டம்: கூடலுக்கு முன்பே விதியைப் பேசி முடிப்போம்

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன கூடலில் சாப்பாட்டில் சண்டை வரவில்லை, வரவுசெலவுக் கணக்கிலும் வரவில்லை. ஆறு பகடையை வைத்துக்கொண்டு இரவு ஒன்றரை மணி வரை சண்டை போட்டோம். இந்தத் தடவை அது வேண்டாம் என்றுதான் மூன்று மாதம் முன்கூட்டியே எழுதுகிறேன். இந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டதுதான்.

வராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எல்லோருக்கும் ஒரே ஆட்டம்தான் தெரியும், ஆனால் ஆளாளுக்கு வேறு வேறு ஊரில் படித்தது. நியூஜெர்சி பிள்ளைகள் ஃபார்க்கிள் என்றார்கள். பாரிஸ் மதினி வீட்டில் அது 'தி மில்'. ஸ்டட்கார்ட்டில் மாடி வீட்டுப் பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அதன் பெயர் 'ட்சேன்டௌசண்ட்'. பிரெஞ்சுப் பெயருக்கும் ஜெர்மன் பெயருக்கும் அர்த்தம் ஒன்றுதான், பத்தாயிரம். அவ்வளவு புள்ளி சேர்ப்பதுதான் ஆட்டத்தின் இலக்கு. நாமும் பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம்.

யாரும் தகராறு செய்யாத பகுதி இது. ஆறு பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் 100, 5 விழுந்தால் 50. ஒரே எண் மூன்று விழுந்தால் அந்த எண்ணின் நூறு மடங்கு, அதாவது மூன்று 4-க்கு 400. மூன்று 1-க்கு மட்டும் 1,000. மதிப்புள்ளதில் ஒன்றையாவது எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தை மறுபடி உருட்டலாம். போதும் என்றால் சேர்த்ததை எழுதிக்கொண்டு பகடையை அடுத்தவரிடம் கொடுக்கலாம். உருட்டியதில் ஒன்றுமே தேறவில்லை என்றால் அந்த முறையில் சேர்த்தது மொத்தமும் போச்சு. ஆறும் தேறிவிட்டால் ஆறையும் கையில் எடுத்து மேலே உருட்டலாம்.

இதற்கு மேல்தான் வீட்டுக்கு வீடு வாசப்படி. நான்கு, ஐந்து ஒரே எண் விழுந்தால் இரட்டிப்பா, தனிக் கணக்கா? மூன்று ஜோடிக்கு 1,500 உண்டா? ஆறும் தேறினால் மேலே உருட்டுவது விருப்பமா, கட்டாயமா? எங்கள் மாடிப் பாட்டி வீட்டில் கட்டாயம். கையில் எவ்வளவு இருந்தாலும் உருட்டியே ஆக வேண்டும். முதல் கணக்கைத் திறக்க, அதாவது சீட்டில் முதன்முதலாகப் புள்ளி எழுத, 350 போதும் என்றது ஒரு கட்சி, 500 வேண்டும் என்றது இன்னொரு கட்சி, 1,000-க்குக் குறைந்தால் ஆட்டமே இல்லை என்றார் சிங்கப்பூர் அண்ணாச்சி. அவர் ஜெயிக்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் உட்கார்ந்திருந்தது எங்கள் பெரியத்தை. அறுபது வருடமாகத் தாயம் ஆடிய கை. பகடையை உள்ளங்கையில் போட்டு உருட்டாமல், இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து விடுகிறாள், பித்தளைக் கட்டையைத் தேய்ப்பது மாதிரி. ஆறு சின்னப் பகடையும் நாலா பக்கமும் சிதறி, ஒன்று சோபாவுக்கு அடியில் போய்விடும். 'எழுதிக்கோ அத்தை, 650 இருக்கு' என்று பிள்ளைகள் கத்துவார்கள். 'ஏலே, கட்டை கையில இருக்கும்போது எவனாச்சும் கீழ வைப்பானா?' என்று மறுபடி உருட்டுவாள். போச்சு.

நான் முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தாயத்தில் எங்கே நிறுத்துவது என்று ஆடுபவர் முடிவு செய்வதே இல்லை. கட்டை ஒவ்வொன்றிலும் 1, 2, 3, வெறும் பக்கம் என்று நான்கு முகம். இரண்டையும் உருட்டினால் பதினாறு வகையில் விழலாம். அதில் தாயம் எனும் ஒன்று விழ இரண்டு வகை, ஐந்து இரண்டு வகை, ஆறு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு ஒன்று. ஆக பதினாறில் ஆறு வகைக்கு மறுபடி உருட்டலாம், மற்ற பத்துக்குக் கட்டை கைமாறிவிடும். நம் புத்தியெல்லாம் எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்பதில்தான். பத்தாயிரத்தில் காயும் கிடையாது, வெட்டும் கிடையாது. எப்போது கையைக் கழுவுவது என்பது ஒன்றுதான் ஆட்டம்.

தொடர்ந்து மூன்று முறை ஒன்றும் தேறாவிட்டால் 500 கழிக்க வேண்டும் என்பது நியூஜெர்சி விதி. பத்து மணிக்குள் அத்தையின் கணக்கு மைனஸ் 1,500. சீட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். 'ஊர்ல ஒருத்தனுக்கும் பாக்கி வைக்காதவ நான், இந்தப் பொடிப்பயகிட்ட கடனா?' பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அங்கேயே திருத்தினோம். 'அழுகுணி ஆட்டம்' என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு: மூன்று ஜோடி விதி இல்லாமல், ஆறு பகடையை உருட்டி ஒன்றும் தேறாமல் போக வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுதான். ஐந்துக்கு ஏறக்குறைய எட்டு, நான்குக்கு பதினாறு, மூன்றுக்கு இருபத்தெட்டு. இரண்டு பகடைக்கு நாற்பத்துநான்கு. ஒற்றைப் பகடைக்கு மூன்றில் இரண்டு பங்கு போச்சு. நான்கு பகடை கையில் இருந்தால் பயப்படாமல் உருட்டலாம், மூன்றில் யோசிக்கலாம், இரண்டில் கும்பிடு போட்டு எழுதிக்கொள்வதுதான் என் வழக்கம். அத்தை இதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அவளை மறுபடி உட்கார வைத்தது பாரிஸ் மதினி. அவர்கள் வீட்டில் ஒரு விதி: ஒருவர் போதும் என்று எழுதிவிட்டால், அடுத்தவர் புதிதாக ஆறு பகடையில் ஆரம்பிக்கலாம். அல்லது முந்தியவர் உருட்டாமல் விட்ட பகடையை, அவர் சேர்த்த மதிப்போடு சேர்த்து, அப்படியே எடுத்துத் தொடரலாம். தேறினால் அந்தத் தொகை இவருக்கும் வரும். தேறாவிட்டால் இவருக்குப் பூஜ்யம். முந்தியவர் எழுதியது எழுதியதுதான், அதில் கை வைக்க முடியாது.

இது வந்ததும் ஆட்டமே வேறாகிவிட்டது. மூன்று பகடையை மிச்சம் விட்டு 700 எழுதினால், பக்கத்தில் இருப்பவர் நூற்றுக்கு எழுபத்திரண்டு வாய்ப்போடு அந்த 700-ஐச் சும்மா தூக்கிக்கொள்வார். ஆக நிறுத்துவதானால் ஒன்றோ இரண்டோ மிச்சம் இருக்கும்போதுதான் நிறுத்த வேண்டும், அதற்கு இன்னும் ஒரு தடவை உருட்ட வேண்டும். நிதானமாக ஆடிய என்னைப் போன்றவர்கள் எல்லாம் அத்தை வழிக்கு வந்துவிட்டோம். துபாய்ச் சித்தப்பா 900 எழுதி இரண்டு பகடையை விட்டார். அத்தை அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எடுத்துத் தேய்த்தாள். 5, 1. ஆறும் தேறியது. மறுபடி உருட்டியதில் மூன்று 6, ஒரு 1. 'வெட்டிட்டேன்ல!' என்றாள். 1,750. இதில் வெட்டே கிடையாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அன்றுதான் வாழ்க்கையில் முதன்முறையாக அவள் நிறுத்தினாள். இரண்டு பகடையைத் தன் பக்கத்தில் இருந்த பேரனுக்கு விட்டுவிட்டு நிறுத்தினாள் என்பதையும் சொல்ல வேண்டும். பேரன் எடுக்கப் பயந்துவிட்டான்.

ஆறேழு வயசுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கூட்டல் ஆகாது. அவர்களுக்கு ஒற்றைப் பகடை ஆட்டம் போதும். விழுந்ததைக் கூட்டிக்கொண்டே போகலாம், 1 விழுந்தால் அந்த முறை சேர்த்தது போச்சு, 100 முதலில் எட்டியவருக்கு ஜெயம். ஆங்கிலத்தில் இதைப் 'பிக்' என்பார்கள். ஜான் ஸ்கார்ன் 1945-ல் எழுதிய பகடை நூலிலேயே இருக்கிறது. 20 சேர்ந்ததும் நிறுத்து என்பது எளிய வழி. 20-க்கு மேல் போனால், 1 விழுந்து இழப்பது சராசரியாக வரவை மிஞ்சிவிடும். நெல்லர், பிரெஸ்ஸர் என்ற இரண்டு ஜெட்டிஸ்பர்க் கல்லூரிப் பேராசிரியர்கள் 2004-ல் இதை அக்குவேறு ஆணிவேறாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இருவரும் பிசகாமல் ஆடினால் முதலில் ஆடுபவர் ஜெயிக்க நூற்றுக்கு 53 வாய்ப்பு. அதனால் யார் முதல் என்பதைச் சின்னவர்களிடமிருந்து தொடங்கிவிடலாம். லண்டன் பிள்ளைகள் கொண்டுவந்த ரப்பர் பன்றிக் குட்டிகளும் இதே வகைதான். பகடைக்குப் பதில் இரண்டு பன்றியை எறிந்து, எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்ப்பது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டு விழுந்தால் அதுவரை எழுதிய மொத்தமும் போகும். குழந்தைகள் அழும், அதனால் அந்த விதியை மட்டும் எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

சரி, என் முன்மொழிவு இதுதான். திறக்க 500. மூன்று ஜோடிக்குத் தனி மதிப்பு வேண்டாம். நான்கு ஒரே எண் இரட்டிப்பு, ஐந்து நான்கு மடங்கு. ஆறும் தேறினால் உருட்டுவது அவரவர் விருப்பம். மைனஸ் கிடையாது. பாரிஸ் மதினி விதி உண்டு, ஆனால் கணக்கைத் திறந்தவர்கள் மட்டும்தான் எடுக்கலாம். ஒருவர் 10,000 தொட்டதும் மற்ற எல்லோருக்கும் ஒரே ஒரு முறை கிடைக்கும்.

மாற்றம் வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்குள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். தனி மடல் போட்டு என்னைக் கட்சி சேர்க்க வேண்டாம். சமையல் பொறுப்பில் இருப்பவர்கள் விளிம்பு உயர்ந்த தாம்பாளம் ஒன்று கொண்டுவந்தால் நல்லது. சோபாவுக்கு அடியில் போன பகடை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அன்புடன்,
கீழத்தெரு ஓட்டு வீட்டு இளையவன்,
ஸ்டட்கார்ட்