பெட்டிக்குள்ளேயே இருந்த பாலன்: கிறிஸ்துமஸ் அனுபவப் பகிர்வு

அன்பின் சகோதர சகோதரிகளே,

எங்கள் வீட்டுக் குடிலில் தீவனத் தொட்டியை வெறுமையாகவே வைத்திருந்து, டிசம்பர் 24 அன்று நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்வந்த பிறகுதான் பாலன் இயேசுவின் சொரூபத்தை அதில் வைப்போம். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டைத் துடைத்து, திரைச்சீலைகளை மாற்றி, பரிசுகளைப் பொதிந்து, விருந்தினருக்குப் படுக்கை ஒழுங்குசெய்து அலுத்துப்போயிருந்த நான் அதை அடியோடு மறந்துவிட்டேன். மறுநாள் வந்தவர்கள் எல்லாரும் குடிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணிலும் அந்தக் குறை படவில்லை. பிற்பகலில், அப்போது ஆறு வயதாயிருந்த என் மகள் அட்டைப்பெட்டியைத் துழாவி, பஞ்சுக்குள் பொதிந்திருந்த, உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சொரூபத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, "அம்மா, இயேசப்பா இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறார்" என்றாள். கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையுமாகக் குடில் அமைத்தது, ஆண்டவர் எவ்வளவு ஏழ்மையில் பிறந்தார் என்பதை மக்கள் கண்ணாரக் கண்டு வணங்குவதற்காக. அதை நாங்கள் படம் எடுப்பதற்கான பின்புலமாக்கியிருந்தோம்.

அடுத்த ஆண்டு அலங்காரம் எதையும் குறைக்கவில்லை. லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள் இருப்பதால், டிசம்பர் முதல் தேதியிலிருந்து இரவுக்கு ஓர் அதிகாரமாக வாசிப்பது என்று மட்டும் முடிவுசெய்தோம். முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள்; பாதியிலேயே மகள் உறங்கிப்போனாள். இரண்டாம் நாளே இயேசு பிறந்துவிட்டதில் அவளுக்குச் சற்று ஏமாற்றம். ஆனால் 23-ஆம் தேதி, அரிமத்தியா ஊர் யோசேப்பு இயேசுவின் உடலை இறக்கித் துணியில் சுற்றிக் கல்லறையில் வைத்தார் என்று என் கணவர் வாசித்தபோது, அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிறந்தபோதும் துணியில்தானே சுற்றினார்கள்?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகள் வாசித்தும் எங்கள் இருவருக்கும் தோன்றாத ஒன்று அது. பிறப்பையும் சிலுவையையும் தனித்தனி விழாக்களாகவே எண்ணிப் பழகியிருந்தோம். மறுநாள் இரவு உயிர்ப்பின் அதிகாரத்தை வாசித்து முடித்துத் திருப்பலிக்குக் கிளம்பினோம். திரும்பி வந்து பாலனை வைத்தது அவள்தான்.

*

சகோதரி, தங்கள் பகிர்வை வாசித்ததும் என் கணவரை இழந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் நினைவுக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகளே நாங்கள் சேர்ந்து வாழ்ந்தோம். அந்த டிசம்பரில் நட்சத்திரம் கட்டவும் மனமில்லை, ஆராதனைக்குப் போகவும் தைரியமில்லை. எல்லார் வீட்டிலும் மகிழ்ச்சி இருக்கும் நாளில் நான் போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம் என்றே நினைத்தேன். எங்கள் சபையைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் வந்து, ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லாமல், வேதாகமத்தைத் திறந்து அன்னாளைப் பற்றிய பகுதியை மட்டும் நிதானமாக வாசித்தார். கணவனோடு ஏழு ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்து, முதுமை வரை விதவையாகவே இருந்து, தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்டு தேவனைப் புகழ்ந்த அன்னாள், நான் சிறுவயது முதல் கேட்டுவந்த கிறிஸ்து பிறப்பின் வரலாற்றிலேயே இருக்கிறாள். அவளை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. வாசித்து முடித்த அந்த அம்மா, "உனக்கும் இந்தப் பண்டிகையில் இடம் உண்டு, மகளே" என்றார். அன்று ஆராதனைக்குப் போனேன், கடைசி வரிசையில் அவர் பக்கத்திலேயே அமர்ந்தேன். பாடல்களைப் பாட முடியவில்லை; அவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

சகோதரிகளே, உங்கள் இருவரின் பகிர்வுகளோடு என்னுடையதும் ஒன்று. நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். பல ஆண்டுகளாக டிசம்பர் 24 இரவு எனக்குப் பணி இருந்துவருகிறது. ஆலயத்துக்குப் போக முடியாததைப் பற்றி முன்பெல்லாம் மனத்தாங்கலோடு இருந்தேன். இயேசு பிறந்த செய்தியை முதலில் கேட்டவர்கள் இரவில் கண்விழித்து மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்கள் என்பதை எண்ணத் தொடங்கிய பின்பு அந்த மனத்தாங்கல் நீங்கியது. சென்ற ஆண்டு நள்ளிரவு கடந்த நேரத்தில், உறக்கமின்றிக் கிடந்த முதியவர் ஒருவர், "அம்மா, பிறந்துவிட்டாரா?" என்று மெல்லக் கேட்டார். "பிறந்துவிட்டார், ஐயா" என்றேன். ஊசி குத்தியிருந்த கையை அசைக்க முடியாமல், மற்றக் கையை மட்டும் நெஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் விளக்கைத் தணித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.