பெரிய வீடு குழு: என்ன சத்தம் அது?

அம்மா: பிரபு, பெண்ணின் அப்பா இப்போதுதான் போனை வைத்தார். தம்பி எங்கே குடியிருக்கிறார், பின்னால் என்ன சத்தம் என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?

சித்தி: பக்கத்தில் கல்யாண வீடு என்று சொல்லியிருக்கலாமே அக்கா

மாமா: இடி மழை

அம்மா: நல்ல நேரம் பார்த்துத்தானே 7.45க்கு வைத்தேன்

பிரபு: அம்மா, அங்கே 7.45 என்றால் இங்கே பிரேசிலில், சாவோ பாவுலோவில் சனிக்கிழமை இரவு 11.15. என் ஜன்னலுக்குக் கீழே பாராய்சோபொலிஸ் என்று பெரிய ஃபவேலா, ஏழைகள் நெருக்கமாக வாழும் குடியிருப்பு. சனி இரவு தெருவிலேயே ஃபங்க் என்கிற இந்த ஊர் இசைக்கு ஆட்டம். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. கார் டிக்கியைத் திறந்தால் முழுக்க ஸ்பீக்கர். இழுவை வண்டியில் சுவர் மாதிரி அடுக்கிக்கொண்டும் வருவார்கள். பேரே பரெடாவ்தான், பெரிய சுவர் என்று அர்த்தம். அப்போது கேட்டது ஆட்டம்கூட இல்லை. செட் டெஸ்டிங்.

பெரியப்பா: டெஸ்டிங்கே இப்படியா! எத்தனை இன்ச் வூஃபர்?

அம்மா: ஆரம்பித்துவிட்டார்

சித்தி: அத்தானுக்கு மைக் செட் ஞாபகம்

அம்மா: அதற்காக விற்ற கிணற்றடி வயலும் ஞாபகம் வரட்டும்

அப்பா: ம்

பெரியப்பா: வசந்தா, உன் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டது அந்த செட்தான். வாடகைகூட வாங்கவில்லை.

அம்மா: மொய்யில் கழித்துக்கொண்டீர்களே

பிரபு: பெரியப்பா, இந்த இசைக்கு அஸ்திவாரமே உங்கள் தொழில்தான். 1970களில் ரியோ புறநகர் கிளப்புகளில் கறுப்பின இளைஞர்கள் ஜேம்ஸ் பிரவுன் என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டுக்கு ஆடினார்கள். அதை நடத்தியவர்கள் பாடகர்கள் இல்லை, செட் வைத்திருந்த குழுக்கள். சோல் கிராண்ட் ப்ரீ, ஃபுரக்காவ் 2000 என்று பேர். எந்தக் குழுவின் செட் என்று பார்த்துத்தான் கூட்டம் சேரும். 80களில் அமெரிக்காவிலிருந்து மயாமி பேஸ் என்ற, பேஸ் அதிரும் ஆட்டப் பாட்டு ரெக்கார்டுகள் வந்தன. இங்கிலீஷ் புரியாதவர்கள் அதன்மேல் தங்கள் சொந்த வார்த்தைகளைப் போட்டுக் கத்தினார்கள். 1989இல் டிஜே மார்ல்பரோ போர்த்துகீசிலேயே 'ஃபங்க் பிரசில்' ஆல்பம் போட்டார். இப்போது இந்த ஊரில் மாண்டெலாவ் என்று ஒரு வகை. பேஸை வேண்டுமென்றே உடைத்துக் கரகரக்க விடுவார்கள், மேலே காதைக் குத்தும் ஒரு கீச்சு. ஸ்பீக்கர் கோன் கிழிந்த மாதிரியே இருக்கும்.

பெரியப்பா: கிழிந்த கோன் சத்தத்துக்கு ஆடுகிறார்களா? அதற்கு நான் கோயில் கொடையில் அடி வாங்கியிருக்கிறேன்

மாமா: மொய் என்றதும் ஞாபகம் வந்தது, நாளை மறுநாள் காதுகுத்துக்கு எவ்வளவு எழுதுவது?

சித்தி: 501

அம்மா: அவர்கள் நமக்கு 1001 செய்தார்கள்

சித்தி: அக்கா, மாடி வீட்டுப் பையன் தேடிப் பார்த்தான். பிரபு சொன்ன அதே இடத்தில் ஆட்டத்தில் 9 பேர் செத்தார்களாம்

அம்மா: பிரபு???

அம்மா: பிரபு

பிரபு: அது 2019 டிசம்பர் 1. போலீஸ் புகுந்தது, கூட்டம் சந்துக்குள் மாட்டிக்கொண்டது. 9 பேரும் 14 முதல் 23 வயதுக்குள். மிதிபட்டுச் செத்தார்கள் என்றது போலீஸ். பெற்றவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சித்தி: பாவம், பிள்ளைகள்

அம்மா: வீட்டை மாற்று

பிரபு: ஒப்பந்தம் முடிய இன்னும் 7 மாதம் இருக்கிறது அம்மா. ஒரு பக்கம் ஜூலை 12 தேசிய ஃபங்க் நாள் என்று 2024இல் சட்டமே போட்டார்கள், இன்னொரு பக்கம்

அம்மா: சட்டம் கிடக்கட்டும். வீட்டை மாற்று.

கவிதா: பெண் வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

அம்மா: உன் அப்பா பேசட்டும்

அப்பா: ம்

சித்தி: அடுத்த ஞாயிறு மறுபடி பேச வைக்கலாமா?

மாமா: அஷ்டமி

பிரபு: வாரநாளில் வையுங்கள், இங்கே அமைதியாக இருக்கும்

அம்மா: பார்க்கலாம். முதலில் வீடு.

மாமா: அப்போ 501ஆ 1001ஆ

பெரியப்பா: பிரபு, அந்த பாக்ஸின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. எனக்குத் தனியாக அனுப்பு, இங்கே வேண்டாம்.