எயார்சொஃப்ட் துப்பாக்கியை ஊருக்குக் கொண்டு வரலாமா?

அண்ணாமார், அக்காமார், ஒரு யோசனை சொல்லுங்கோ. பாரிஸில் இருக்கும் மருமகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான். தன் எயார்சொஃப்ட் துப்பாக்கியையும் கொண்டு வருவானாம். பற்றரியில் இயங்குவது, 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டுதான். ஆனால் பார்வைக்கு அப்படியே பிரெஞ்சு இராணுவம் நெடுங்காலம் பாவித்த ஃபமாஸ் துப்பாக்கி. குண்டு நிரப்பும் மகசின் சுடும் விசைக்குப் பின்னால் இருப்பதால் நீளமும் குறைவு. கோண்டாவில் வளவுக்குள் தகரப்பேணி வைத்துச் சுடப் போகிறானாம்! மதிலுக்கு அப்பால் நின்று பார்ப்பவருக்கு அது விளையாட்டுச் சாமான் என்று எப்படித் தெரியும்? அம்மா கேட்டதும் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

கட்டுநாயக்காவில் சுங்கம் விடுமா? முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டுமா, எங்கே? முனையில் செம்மஞ்சள் பூசினால் போதும் என்கிறான், எனக்கு நம்பிக்கையில்லை. அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கோ. அடுத்த கிழமை ரிக்கற் போடுகிறான்.