வள்ளம் தரை தட்டியது

குழு: பெரிய வீடு

மதினி: வள்ளம் தரை தட்டிவிட்டதாம். மணமேல்குடி கோடியக்கரைக்குத் தெற்கே.

அத்தை: ஐயோ. பிள்ளைகள்?

அண்ணன்: மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் தண்ணீர்தான். சோளகக் காற்று தள்ளி மணலில் ஏற்றிவிட்டது.

துபாய் மச்சான்: பாயை இறக்கியாச்சா?

அண்ணன்: இறக்கியாச்சு

பெரியப்பா: தம்பி, நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது தள்ளி இடுப்பை ஒடித்துக்கொள்ளாதே. முதலில் கையை விட்டு அடியைத் தடவிப் பார். ஓட்டை இருந்தால் மிதந்ததும் மூழ்கும், அதற்கு மணலில் கிடப்பதே மேல். இல்லையென்றால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த வழியிலேயே ஆழம் பார்த்து நடந்து, கயிறு எட்டும் மட்டும் கொண்டுபோய்ப் போடு. போடாமல் விட்டால் நீர் ஏறும்போது காற்று இன்னும் உள்ளே தள்ளும்.

அத்தை: ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. இன்று கடலுக்குப் போகத்தான் வேண்டுமா

மதினி: நண்டு வலை கிடக்கிறதே

சித்தப்பா: எஞ்சின் வைக்கச் சொன்னேன். யார் கேட்டது.

பெரியப்பா: எஞ்சின் படகும் அந்தத் திட்டில் தட்டத்தான் செய்யும்.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

துபாய் மச்சான்: என்ன போட்டார்?

அத்தை: நீ சும்மா இரு

அண்ணன்: அடி நன்றாக இருக்கிறது. சுக்கான் கொக்கி வளைந்துவிட்டது.

துபாய் மச்சான்: அந்தப் பக்கம்தானே 2022இல் கடல்பசு பாதுகாப்பகம் அறிவித்தார்கள்?

பெரியப்பா: ஆமாம், 448 சதுர கிலோமீட்டர். அதனால் நங்கூரத்தைப் புல்லில் போடாதே தம்பி. கடல்பசு தின்னும் புல் பிய்ந்து போகும், பிடிமானமும் இருக்காது. மணல் பார்த்துப் போடு. நம் கடலில் நீர் ஏறுவதே இரண்டு அடி அளவுதான். அதற்குள் வலை, நண்டு, மணல் மூட்டை எல்லாவற்றையும் இறக்கிவிடு. அசையத் தொடங்கியதும் இரண்டு பேர் ஒரே பக்கம் ஏறிச் சாய்க்க வேண்டும், ஒருவர் கயிற்றை இழுக்க வேண்டும். அமாவாசை இப்போதுதான் கழிந்தது, இன்று தவறினால் நாளை பார்க்கலாம். அட்டமி வரை போனால் இந்த அளவுக்கு நீர் ஏறாது.

அத்தை: இலை 200 போதுமா?

மதினி: 250 சொல்லிவிடுங்கள்

துபாய் மச்சான்: டிராக்டர்?

பெரியப்பா: அதுவும் சேர்ந்து புதையும். கடல் பக்கமாக அல்லவா இழுக்க வேண்டும்.

அண்ணன்: நீர் ஏறிவிட்டது. பின்பக்கம் மிதக்கிறது, முன்பக்க அணியம் விடவில்லை. காற்று அமுக்குகிறது.

மதினி: மாமா, சித்தப்பா படகு...

பெரியப்பா: கேட்கலாம்

அத்தை: யார் கேட்பது? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே

சித்தப்பா: யாரும் சொல்ல வேண்டாம். டீசல் ஊற்றிக் கிளம்பியாச்சு.

பெரியப்பா: உன் படகை ஆழத்திலேயே நிறுத்து. கயிற்றை அனுப்பிப் பின்பக்கமாக இழு. வெடுக்கென்று இழுக்காதே. கயிறு அறுந்தால் முகத்தில் அடிக்கும், அதற்கு நேரே பிள்ளைகளை நிற்க விடாதே.

சித்தப்பா: தெரியும் அண்ணே

அத்தை: என்னாச்சு?

அத்தை: யாராவது பதில் போடுங்கள்

அண்ணன்: இறங்கிவிட்டது!! மிதக்கிறோம்

மதினி: 🙏🙏

சித்தப்பா: சுக்கான் ஆகாது. கட்டி இழுத்து வருகிறேன்.

பெரியப்பா: ராத்திரியில் வேண்டாம். அங்கேயே ஆழத்தில் நங்கூரம் போட்டு விடிந்ததும் வாருங்கள்.

சித்தப்பா: காற்றைப் பார்த்துச் சொல்கிறேன்

அத்தை: தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீயும் வருகிறாய்தானே?

மதினி: நண்டு?

அண்ணன்: பாதி தேறும்