அரன் தீவுக்கு ஆறு சைக்கிள்

குழு: நெல்லை வீடு

ஞாயிறு இரவு

செந்தில்: கப்பல் டிக்கெட் எடுத்தாயிற்று. மே 22 வெள்ளி காலை டிரூன் துறைமுகத்திலிருந்து தீவில் இருக்கிற பிராடிக். 24 ஞாயிறு மாலை திரும்புகிறோம். ஆறு பேர், ஆறு சைக்கிள். சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது. திங்கள் நம் எல்லோருக்கும் விடுமுறை, அதனால் காற்றில் கப்பல் நின்றாலும் ஒரு நாள் கையில் இருக்கிறது.

பிரபு: அண்ணா சூப்பர். தீவை முழுச் சுற்று சுற்றிவிடலாம். 90 கிலோமீட்டர்தானே? முதல் நாள் 45, மறுநாள் 45, மூன்றாம் நாள் கோட் ஃபெல் மலை உச்சி.

மீனா: "தானே" என்கிறான் பாருங்கள்.

கவிதா: பிரபு, நீ லண்டன் ஜிம்மில் மிதிக்கிற சைக்கிள் இருந்த இடத்தை விட்டு நகராது. ஞாபகம் இருக்கட்டும்.

அம்மா: எந்தத் தீவு

செந்தில்: அரன் அம்மா. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால்.

அம்மா: சிவன் பெயரா. நல்லது. கோயில் இருக்கா

நிலா: கோயில் இல்லை ஆச்சி, கல் வட்டம் இருக்கிறது. மக்ரி மூர் என்று ஒரு இடம். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் நட்ட கற்கள். பெரியது ஐந்து மீட்டருக்கு மேல். எதற்காக நட்டார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

அம்மா: தெரியாவிட்டால் என்ன. ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா

ரவி அத்தான்: போன வருஷம் கம்ப்ரே தீவைச் சுற்றினோமே, அதே மாதிரிதானே செந்தில்? நடுவில் ஐஸ்கிரீம் எல்லாம் சாப்பிட்டோம். எனக்கு முட்டி வலிக்கவே இல்லை.

செந்தில்: அத்தான், அதை மறந்துவிடுங்கள். கம்ப்ரே மொத்தமே 16 கிலோமீட்டர், கடலை ஒட்டித் தட்டைச் சாலை. இங்கே பிராடிக்கிலிருந்து வடக்கே கோரி, சானாக்ஸ் வரை அப்படித்தான் இருக்கும், வலது கைப்பக்கம் கடல், பாறைமேல் சீல் படுத்திருக்கும். சானாக்ஸ் தாண்டியதும் சாலை கடலை விட்டுவிட்டு மலைக்குள் திரும்பிவிடும். ஏறத்தாழ 200 மீட்டர் ஏற்றம். ஊர்க்காரர்கள் அந்த மேட்டுக்குப் பொகில்லி என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நான் முதல் தடவை போனபோது கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாவற்றையும் பின் கேரியரிலேயே கட்டியிருந்தேன். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் முன்சக்கரம் தரையில் நிற்கவில்லை, ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுகிறது. இறங்கித் தள்ளினேன். என்னைவிட இருபது வயது மூத்த ஒரு பாட்டி "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டே மிதித்துப் போனார்.

மீனா: இதை என்னிடம் சொல்லவே இல்லையே நீங்கள்.

செந்தில்: எல்லாவற்றையும் சொல்ல முடியுமா?

பிரபு: தெற்குப் பக்கம் எப்படி அண்ணா?

செந்தில்: வடக்கிலாவது ஒரு ஏற்றம், அதோடு முடிந்தது. தெற்கே லாம்லாஷ், வைட்டிங் பே, கில்டோனன், லாக் என்று ஏறி இறங்கி ஏறி இறங்கி உயிரை வாங்கிவிடும். ஒவ்வொன்றும் சின்ன மேடுதான். பத்தாவது மேட்டில் சின்னது பெரியது தெரியாது. மூட்டையோடு இரண்டு நாளில் முழுச் சுற்று உன்னால் முடியும். அத்தானாலும் மீனாவாலும் முடியாது. ஏன், என்னாலும் முடியாது.

ரவி அத்தான்: என் பெயரை முதலில் போட்டாயே.

திங்கள்

கவிதா: யோசித்தேன். கூடாரத்தைத் தினமும் பிரித்துக் கட்டித் தூக்குவதுதான் பிரச்சினை. தீவின் வடக்கே லாக்ரான்சா ஊரில் முகாம் மைதானம் இருக்கிறது. வெள்ளி அங்கே போய் இறங்கி இரண்டு இரவும் அங்கேயே தங்கலாம். சனிக்கிழமை மூட்டை இல்லாமல் மேற்குக் கரையோரம் மக்ரி வரை போய்விட்டுத் திரும்பலாம். ஞாயிறு மறுபடி பொகில்லி ஏறி பிராடிக். வாழ்க்கையில் இரண்டு தடவை அந்த மேடு போதும்.

செந்தில்: அக்கா, இதையேதான் நானும் சொல்ல வந்தேன்.

கவிதா: சொல்லியிருக்கலாமே.

செந்தில்: பிராடிக்–லாக்ரான்சா 23 கிலோமீட்டருக்குள். லாக்ரான்சா–மக்ரி போக 20, வர 20, பெரும்பாலும் தட்டை. அங்கே காற்று அதிகமும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். போகும்போது முகத்தில், திரும்பும்போது முதுகில். களைத்த பிறகு முதுகில் காற்று வருவதைவிட வேறென்ன வேண்டும்?

பிரபு: முகாம் மைதானத்துக்கு எதற்குக் காசு? ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்று சட்டமே இருக்கிறதே.

கவிதா: எங்கே வேண்டுமானாலும் இல்லை. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொடுத்த உரிமை அது. வீடு, சாலை, பயிர் நிற்கிற வயல் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, சின்னக் கூட்டமாக, இரண்டு மூன்று இரவுக்குள், வந்த சுவடு தெரியாமல் போக வேண்டும். அப்புறம் காலைக்கடன். ஓடைக்கு முப்பது மீட்டராவது தள்ளிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். மண்வெட்டியை நீ தூக்கி வருகிறாயா?

மீனா: மதினி, என் ஓட்டு மைதானத்துக்கு. வெந்நீர் வருகிற இடத்துக்கு.

நிலா: என் ஓட்டும்.

பிரபு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: என்ன எழுதி அழித்தான் அவன்

பிரபு: ஒன்றுமில்லை பெரியம்மா 🙏

நிலா: மாமா, லாக்ரான்சாவில் கோட்டை மட்டும் இல்லை. அதற்கு வடக்கே கடற்கரையில் நிலவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன் 1787-ல் வந்து பார்த்த பாறை இருக்கிறது. கீழ் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதன்மேல் வேறொரு அடுக்கு வேறு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். நடுவில் எத்தனையோ கோடி வருஷம் காணாமல் போயிருக்கிறது. பூமி பைபிள் கணக்கைவிட எவ்வளவோ கிழடு என்று அவர் வாதாடியதற்கு இந்த மாதிரிப் பாறைகள்தான் சாட்சி. வெள்ளி சாயங்காலம் நடந்தே போய்ப் பார்க்க வேண்டும். ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும்.

ரவி அத்தான்: என் மகள் லீவிலும் புவியியல் படிக்கிறாள். இவளுக்கு என் சாயல் இல்லை.

மீனா: பூச்சி உண்டா? அதை யாரும் பேசவில்லை.

செந்தில்: உண்டு. மிட்ஜ். கடுகளவுதான் இருக்கும், கூட்டமாக வரும், காதுக்குள் எல்லாம் போகும். மே கடைசியில் தலைகாட்டும், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஆட்டம் போடும். அதனால்தான் மே மாதத்தைப் பிடித்தேன். காற்று அடித்தால் அதனால் பறக்க முடியாது. புதர் ஓரத்தில் கூடாரம் போடாமல் காற்றாட இருக்கிற இடமாகப் பார்ப்போம்.

மீனா: ஆக, காற்று அடித்தால் சைக்கிள் நகராது. அடிக்காவிட்டால் பூச்சி.

செந்தில்: ஸ்காட்லாந்தைச் சரியாகப் புரிந்துகொண்டாய்.

அம்மா: வேப்பெண்ணெய் தடவு

கவிதா: அதோடு உண்ணியும் பார்க்க வேண்டும். லாக்ரான்சாவில் மான்கள் மைதானம் வரைக்கும் வந்து மேயும். மான் இருக்கிற இடத்தில் உண்ணி இருக்கும். ராத்திரி படுக்குமுன் முட்டிக்குப் பின்னால், இடுப்பில், அக்குளில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிடுங்குகிற கொக்கி என்னிடம் இருக்கிறது. யாரும் நகத்தால் நசுக்கக் கூடாது.

அம்மா: மான் புளியோதரை தின்னுமா

செந்தில்: தின்னும் அம்மா, பையை வெளியே வைத்தால். ரொட்டிப் பொட்டலத்தை மான் கூடாரத்துக்குள் தலையை நீட்டி எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். 

மீனா: சாப்பாட்டுக் கணக்கு என்னிடம் விடுங்கள். புளியோதரை வெள்ளி மதியத்துக்கும் இரவுக்கும். சனி காலை ரவை வறுத்து, கடுகு தாளித்துக் கலந்தே கொண்டுவருகிறேன், வெந்நீர் ஊற்றினால் உப்புமா. சனி இரவு அரிசியும் பருப்பும் சேர்ந்த பொங்கல். லாக்ரான்சாவில் பெரிய கடை இல்லையாம், அதனால் பால், பழம், ரொட்டி எல்லாம் பிராடிக்கில் இறங்கியதும் வாங்கிவிட வேண்டும்.

ரவி அத்தான்: நெய்?

மீனா: பொங்கலுக்கு இல்லாமலா அத்தான்.

புதன்

பிரபு: அண்ணா, ரயிலில் சைக்கிள் ஏற்றுவது பற்றிக் கேட்டேன். லண்டனிலிருந்து கிளாஸ்கோ வருகிற வண்டியில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம். நான் பார்த்த நேரத்துக்கு இடம் இல்லை. பிராடிக்கில் வாடகைக்கு எடுத்துவிடட்டுமா?

செந்தில்: எடு. இப்போதே சொல்லி வை, விடுமுறை வாரம். உயரத்தையும் சொல், இல்லாவிட்டால் குரங்குப் பெடல்தான். கிளாஸ்கோ–டிரூன் ரயிலில் எங்கள் ஐந்து சைக்கிளும் ஒரே பெட்டியில் ஏறாது. இரண்டு வண்டியாகப் பிரிந்து வருவோம். டிரூன் நிலையத்திலிருந்து துறைமுகம் பத்து நிமிஷ மிதி. கப்பலில் கார் தட்டிலேயே உருட்டிக்கொண்டு ஏற வேண்டும், ஓரத்தில் கயிறு இருக்கும், அதில் கட்டிவிட்டு மேலே போய்த் தேநீர்.

பிரபு: அண்ணா இன்னொன்று. திட்டினாலும் பரவாயில்லை. எனக்கு முழுச் சுற்று ஆசை விடவில்லை.

செந்தில்: தெரியும். வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை நீ மட்டும் விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பு. மூட்டை வேண்டாம். லாக்ரான்சாவிலிருந்து பொகில்லி ஏறி பிராடிக், அப்படியே தெற்கே லாம்லாஷ், கில்டோனன், லாக், பிளாக்வாட்டர்ஃபுட் வந்து மக்ரியில் எங்களைப் பிடி. தெற்கு மேடெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். கடைசி 20 கிலோமீட்டர் எங்களோடு சேர்ந்து, முதுகில் காற்றோடு. மதியம் இரண்டு மணிவரை கல் வட்டத்தில் காத்திருப்போம்.

பிரபு: ❤️❤️❤️

கவிதா: செந்தில், நீ இதை அவனுக்காகவே யோசித்தாயா?

செந்தில்: பின்னே, மூன்று நாளும் "தானே, தானே" என்று கேட்டுக்கொண்டிருப்பதற்கு இது மேல்.

கவிதா: சிக்னல் எல்லா இடத்திலும் வராது பிரபு. பஞ்சர் கிட், பம்பு, ஒரு மழைச்சட்டை உன் முதுகில் இருக்க வேண்டும். முடியாது என்று தோன்றினால் பிளாக்வாட்டர்ஃபுட்டில் உட்கார்ந்துவிடு, வீரம் காட்டாதே.

நிலா: மக்ரி போகிற வழியில் காட்டகோல் என்று ஊர். பன்னிரண்டு வீடு ஒரே வரிசையாக இருக்கும். மான் வேட்டைக்காக நிலத்தை விட்டு விரட்டியவர்களுக்கு 1860களில் கட்டியது. மாடி ஜன்னல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வடிவம், கடலில் இருக்கிற புருஷனுக்கு விளக்கு காட்டினால் எந்த வீடு என்று தெரியும் என்று கதை சொல்கிறார்கள். நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மீனா: மானுக்காக மனுஷனை விரட்டினார்கள், அந்த மான் இன்றைக்கு என் புளியோதரைக்கு வருகிறது.

சனி

செந்தில்: எல்லோரும் கூடாரத்தை வீட்டிலேயே ஒரு தடவை விரித்துப் பாருங்கள். மழையில் நின்று முதல் தடவையாக விரிக்க வேண்டாம். போன வருஷம் ஒரு கடையில் புதிதாக வாங்கியதை நம்பிக் கொண்டுபோய் ராத்திரி முழுக்கத் தட்டு வைத்துத் தண்ணீர் பிடித்தேன்.

கவிதா: (புகைப்படம்) ஹாலில் நிற்கிறது. உங்கள் அத்தான் உள்ளே தூங்குகிறார்.

மீனா: முன்பக்கம் தொய்ந்து கிடக்கிறதே மதினி.

ரவி அத்தான்: தூங்கவில்லை, யோசிக்கிறேன். கம்பி ஒன்று குறைகிறது.

செந்தில்: இரண்டு நீளம், ஒன்று குட்டை. எண்ணிப் பாருங்கள்.

ரவி அத்தான்: குட்டையைத்தான் காணோம்.

நிலா: அப்பா, அது தோட்டத்தில் இருக்கிறது. போன கோடையில் ஆச்சி வந்தபோது தக்காளிச் செடிக்கு ஊன்றினார்கள்.

அம்மா: செடி காய்த்ததா இல்லையா